இரு கண்ணு, வாரேன்

நாய்க்குக் கார் பழக்குவது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று அன்புக்கரசியும் ஒரு காலத்தில் நினைத்திருந்தவள்தான். எத்தனை நாய்கள் ஜன்னலில் தலையை நீட்டி, காது பறக்க, ஜம்மென்று போகின்றன! அந்த நினைப்பெல்லாம் போன சனிக்கிழமை காலை பத்து மணியோடு சரி. அன்றைக்கு ஒத்தக்கால்மண்டபம் தாண்டிக் கோயம்புத்தூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த காரில், பின்சீட்டில் அவள் மடியில் படுத்திருந்த தக்காளி திடீரென்று பாய்ந்து, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருசன் சாமுவேலின் இடது கையைக் கவ்வியது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்த ஒடியில் கார் ஒரு பால் டேங்கர் லாரிக்கு அரை முழம் இடம் விட்டு, ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றது. அந்த லாரி அடித்த ஹாரன் அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

தக்காளி என்பது நாயின் பெயர். சிரிப்பு வரத்தான் செய்யும். இரண்டு வருசத்துக்கு முன்னால், கோவையில் நர்சிங் படிக்கிற மகள் இனியா, ஊருக்கு வருகிற வழியில் கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்தில் இதைப் பார்த்தாள். நாலு மாதக் குட்டி. வந்து நின்ற கார்களின் கதவையெல்லாம் ஓடி ஓடி மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டு அப்பனுக்குப் போன் போட்டாள். சாமுவேல் பைக்கை எடுத்துக்கொண்டு போய், மார்க்கெட்டில் கிடந்த ஒரு தக்காளிப் பெட்டியில் குட்டியை வைத்து, பெட்டியை மகள் மடியில் வைத்துப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தார். பெட்டியின் பெயர் நாய்க்கு ஒட்டிக்கொண்டது.

இப்போது அதன் பின்பக்கம் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவில் இருந்தது, மாசி முடிவதற்குள் எலுமிச்சை அளவுக்கு வந்து ரத்தம் சொட்டத் தொடங்கியது. உள்ளூரில் பார்த்த டாக்டர் மாட்டுக்கு ராசிக்காரர். இதற்கு நரம்பில் ஏற்றுகிற மருந்து தன்னிடம் இல்லை என்று கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே டாக்டர் பிரத்யுஷா, சின்ன வயசுப் பெண், கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் பேசினாள்.

"வாரம் ஒரு ஊசிங்க, ஆறு வாரம். சரியாப் போயிரும். ஆனா நடுவுல விட்டா கட்டி திரும்ப வளரும். அப்பறம் இந்த மருந்துக்கு அடங்காதுங்க."

"அடங்கலைன்னா?"

"காப்பாத்த முடியாதுங்க."

கடிபட்ட கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாமுவேல்தான் எப்படியோ போக வர ஓட்டினார். முதல் ஊசி அன்றைக்கே போட்டாகிவிட்டது. திரும்பி வருவதற்கு மயக்க மருந்து கொடுத்து அனுப்பினாள். அதற்கும் ஒரு எச்சரிக்கை வைத்தாள்: ரத்தம் குறைவாக இருக்கிற நாய், ஒவ்வொரு முறையும் மயக்க முடியாது, அடுத்த சனிக்கிழமைக்குள் கார் பழக்கிக் கூட்டி வாருங்கள். ஒரு தாளில் வரிசையாக எழுதியும் கொடுத்தாள். முதல் நாள் கதவைத் திறந்து வைத்துத் தீனி, அடுத்து உள்ளே தீனி, அப்புறம் கதவை மூடி, அப்புறம் எஞ்சின் போட்டு, அப்புறம் தெருவைச் சுற்றி. படிக்க எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

அன்புக்கரசி அங்கன்வாடி டீச்சர். சாமுவேல் கொப்பரைக் களத்தில் மேற்பார்வை. பொறுமைக்காரர். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார்.

"அன்பு, இனி அந்த நாயை நம்ம கார்ல ஏத்த வேண்டாம்."

"அப்பறம் ஊசிக்கு?"

"ஆட்டோல போ."

"எந்த ஆட்டோக்காரருங்க ஏத்தறாரு? நாலு பேர்த்தக் கேட்டுப்போட்டேன். கடிக்கிற நாயின்னு அதுக்குள்ள ஊரே பேசுது."

"அப்படின்னா..." என்றார். சோற்றைப் பிசைந்தார். அவர் சொல்லாத மிச்சம் அவளுக்குத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் தக்காளி மயக்கம் தெளியாமல் நாக்கை நீட்டிப் படுத்திருந்தது. இதை நாமே சாகவிடப் போகிறோம் என்று நினைத்தாள். ஒரு வாய்கூட அதற்கு மேல் இறங்கவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. சாமுவேலின் இடது கை கியர் போடுகிற கை. ஆறப் பதினைந்து நாளாகும். ஆக, ஓட்ட வேண்டியது அவள்தான். லைசென்ஸ் வாங்கி ஐந்து வருசம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றியதோடு சரி. நாலுவழிச் சாலையை நினைத்தாலே உள்ளங்கை ஈரமாகிறது. நாய்க்குத் தைரியம் சொல்லிக்கொடுக்கிற ஆளைப் பார்த்தீர்களா!

ஞாயிற்றுக்கிழமை கார்க் கதவைத் திறந்து வைத்து, வேகவைத்த கோழி ஈரலைப் படியில் வைத்தாள். தக்காளி பத்தடி தள்ளி நின்று எச்சில் ஒழுக்கியதே தவிரக் கிட்டே வரவில்லை. திங்கட்கிழமை முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து ஈரலைக் கவ்விக்கொண்டு ஓடியது. செவ்வாய்க்கிழமை முழுசாக ஏறி, சீட்டில் உட்கார்ந்து தின்றது. அன்புக்கரசிக்குத் தலைகால் புரியவில்லை. கொப்பரைக் களத்துக்குப் போன் போட்டு, "ஏறிருச்சுங்க! ஏறிருச்சு!" என்று கத்தினாள்.

புதன்கிழமை கதவை மூட வேண்டிய நாள். மெதுவாக, சத்தம் வராமல் மூடினாள். தக்காளி ஈரலைத் தின்றுகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக அதன் தலையைத் தடவி, "இரு கண்ணு, வாரேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டுக்குச் சுற்றி வந்தாள்.

அவ்வளவுதான். அந்தச் சின்ன உடம்புக்குள் பேய் புகுந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைப் பிறாண்டியது, சீட்டைக் கிழித்தது, ஊளையிட்டது, மூத்திரம் போனது. நகம் ஒன்று பெயர்ந்து கண்ணாடியெல்லாம் ரத்தம். அவள் கதவைத் திறந்ததும் அம்பாகப் பாய்ந்து கட்டிலடிக்குள் போனது. கூப்பிட்டால் பல்லைக் காட்டியது. அவளிடம் அது பல்லைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

திண்டாடித் தெருவில் நின்றாள். இன்னும் மூன்றே நாள். கதவை மூடினால் ஆகவில்லை என்றால் காரில் எப்படிக் கொண்டுபோவது? முந்தின மூன்று நாள் பாடும் வீண்தானா? அழுகையாக வந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பக்கத்துத் தோப்பு சென்னியம்மாள் வந்தார். வசதியான குடும்பம், ஆனாலும் நல்ல மனுசி. என்ன பேசினாலும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுவார், உள்ளே வந்ததில்லை.

"ஏனுங் டீச்சரம்மணி, நாய் அந்தக் கத்துக் கத்துச்சே, என்னாச்சுங்?"

அன்புக்கரசி வாசற்படியில் நின்றபடி நடந்ததைச் சொன்னாள். சென்னியம்மாள் உச்சுக்கொட்டினார். "வாயில்லாச் சீவன். சரி அம்மணி, நான் வாரேன்" என்றார். பின்னால், வாசலை ஒட்டிக் கிடந்த கட்டிலின் அடியில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. கிளம்புகிறேன் என்றவர் கிளம்பினாரா? இந்தப் பக்கத்து ஆள்கள் விடைபெறுவது தெரிந்த கதைதானே. கேட்டைப் பிடித்துக்கொண்டு மருமகள் ரித்திகாவுக்கு வந்த சளியைப் பற்றிக் கால்மணி நேரம் சொன்னார். "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தனுங், வாரேன்" என்றார். மறுபடி அந்த உரசல். அப்புறம் தேங்காய் விலை. அப்புறம், "பேசிட்டே இருந்தா ஆகாது, வாரேன் அம்மணி."

மூன்றாவது உரசலுக்கு அன்புக்கரசி திரும்பிப் பார்த்தாள். குனிந்து கட்டிலடியில் பார்த்தாள். தக்காளி சுவரோடு ஒட்டி, வாலைக் காலிடுக்கில் சொருகி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. சென்னியம்மாள் ரித்திகாவைப் பற்றிப் பேசியபோதும், தேங்காயைப் பற்றிப் பேசியபோதும் அந்த உரசல் இல்லை; 'வாரேன்' என்றபோது மட்டும்தான்.

"அக்கா," என்றாள், குனிந்தபடியே. "இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னத்த?"

"வாரேன்னு."

சென்னியம்மாள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாரேன்" என்றார். தக்காளி தலையைத் தரையோடு அழுத்திக்கொண்டது. அதன் அடியிலிருந்து மூத்திரம் கோடாக ஓடி வந்தது.

அன்புக்கரசிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வந்து போனாலும், வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் இது கட்டிலடிக்கு ஓடும். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தார்கள். போன சனிக்கிழமை காரில் என்ன நடந்தது? சாமுவேலுக்குக் களத்து ஓனர் போன் போட்டார். சாமுவேல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "வாரேனுங்க, மத்தியானத்துக்குள்ள வாரேனுங்க" என்றார். அதற்கு அடுத்த நொடிதான் கடி. இன்றைக்குக் கதவை மூடினபோது அது தின்றுகொண்டுதான் இருந்தது. வெறி பிடித்தது அவள் வாயைத் திறந்த பிறகு.

கார்க் கதவுகளை மோந்து பார்த்துக்கொண்டு நின்ற குட்டி அவள் கண்முன் வந்தது. யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். தலையைத் தடவி, இந்த ஊர் வாயால், இந்த ஊர் மரியாதையாக, இரு கண்ணு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொலைத்துத் தலைமுழுக வந்த இடத்திலும் 'போறேன்' என்று சொல்ல அந்த நாக்கு கூசியிருக்கிறது. அட பாவிகளா என்று வாய்விட்டே சொன்னாள்.

இரவு சாமுவேலிடம் சொன்னபோது அவர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அப்ப அந்த வார்த்தைய யாரும் சொல்லாம இருந்தாப் போச்சு" என்றார்.

"சொல்லாம இருக்க நாக்கு கேக்குமா?"

"ஏன் கேக்காது? சித்தெ இரு, கேட்டப் பூட்டிட்டு வாரேன்" என்று எழுந்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். கட்டிலடியில் உரசல். அந்த இரவில் படுப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை சொன்னார். போறேன் என்று சொல்லிப் பார்க்கவும் முயன்றார். அவள் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். வீட்டுப் படி இறங்குகிற மனிதன் சொல்லுகிற வார்த்தையா அது?

விடை அங்கன்வாடியில் இருந்தது. இருபது வருசமாக அவள் செய்கிற வேலையில். வியாழக்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த மௌனிகா, மூன்று வயசு, அம்மா நார் மில்லுக்குக் கிளம்பினதும் தொண்டை கிழியக் கத்தினாள். சமையல் பார்க்கிற மாசாணியம்மாள், "குழந்தை அக்கட்டால திரும்பயில நைசா நழுவச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். அன்புக்கரசி வழக்கமாகச் சொல்வதைத்தான் அன்றைக்கும் அந்த அம்மாவிடம் சொன்னாள்.

"ஒளிஞ்சு ஓடாதீங்க. சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்க. அஞ்சு நாள்ல சரியாயிரும்."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தைகள் அழுகையை நிறுத்துவது அம்மா நழுவுவதால் அல்ல, அம்மா வருவதால். வார்த்தை என்ன பாவம் செய்தது? சொன்னவர்கள் வரவில்லை. வந்துவிட்டால் தீர்ந்தது.

ஐந்து நாள் இல்லை. இரண்டு நாள்தான் இருந்தது. மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் தக்காளியை உட்காரவைத்து, "இரு கண்ணு, வாரேன்" என்றாள். நடுங்கியது. ஓரடி எடுத்து வைத்துத் திரும்பி வந்தாள். ஈரல். மறுபடி சொன்னாள். இரண்டடி. ஈரல். அடுப்படி வரை. கேட் வரை. கேட்டுக்கு வெளியே மறைந்து, மூன்று எண்ணி, வந்தாள். எத்தனை தடவை என்று கணக்கில்லை. வாய் வறண்டு குரல் கட்டிவிட்டது. சாமுவேல் வந்து அவர் பங்குக்கு ஒற்றைக் கையால் ஈரலை வைத்துக்கொண்டு நடந்தார். தெருவில் போனவர்கள், டீச்சரம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நின்று பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை காருக்குள் வைத்துச் சொன்னாள். சாயங்காலம் எஞ்சினைப் போட்டு, தெருவை மூன்று சுற்று சுற்றி, இறங்கி, "வாரேன்" என்று சொல்லித் தெருமுனைத் தண்ணித் தொட்டி வரை போய், நூறு எண்ணித் திரும்பினாள். தக்காளி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுங்கியது, ஆனால் பிறாண்டவில்லை. நூறுதான் அதன் எல்லை. நூற்று இருபதுக்கு ஊளை கேட்டது.

சனிக்கிழமை காலை சாமுவேலும் கூட வருகிறேன் என்றார். ஆனால் அவர் காரில் ஏறினாலே தக்காளி உறைந்துபோனது. போன வாரம் அவர் போட்ட அலறல் அதற்கு மறக்கவில்லை. கேட்டருகே நின்றுகொண்டு, "வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்றார். சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கிணத்துக்கடவு வரை எல்லாம் நடந்தது. ஐம்பதுக்கு மேல் போகவில்லை அவள். ஒவ்வொரு லாரி முந்தும்போதும் ஏசுவே, ஏசுவே என்றாள். மேம்பாலத்துக்கு முன்னால் பின்சீட்டில் ஓங்கரிக்கிற சத்தம். தக்காளி வாந்தி எடுத்து, அதிலேயே வழுக்கி, சீட்டோடு கட்டியிருந்த சங்கிலியில் கழுத்து இழுபட்டுத் திணறியது. பக்கச் சாலையில் இறக்கி வண்டியை நிறுத்தி, கையைப் பின்னால் நீட்டிச் சங்கிலியை அவிழ்த்தாள். சுத்தம் செய்ய வேண்டும். இறங்கித் தன் கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவுக்குப் போனாள். அவள் பின்னாலேயே வர நினைத்த தக்காளி முன்சீட்டுக்குத் தாவி, ஜன்னல் ஓரம் ஏறி நின்றது. அதன் கால் பூட்டுப் பொத்தானில் பட்டது. டக் என்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

சாவி உள்ளே. போன் உள்ளே. தண்ணீர்ப் பாட்டில் உள்ளே. நாய் குதித்துவிடும் என்று பயந்து ஜன்னல்களை இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டு ஏற்றி வைத்திருந்தாள். பங்குனி வெயில், மணி பத்தரை, ஒரு மரம் இல்லை.

கதவுகளை மாற்றி மாற்றி இழுத்தாள். இடைவெளியில் கையை விட்டாள், விரல் முட்டிக்கு மேல் போகவில்லை. ஒரு கல்லைத் தூக்கினாள். கல்லைக் கண்டதும் தக்காளி அலறிக்கொண்டு எதிர்ப்பக்கக் கண்ணாடியில் மண்டையை மோதியது. இருந்தும் இரண்டு தரம் அடித்தாள். கல்தான் தெறித்தது. தக்காளி மூச்சு வாங்கத் தொடங்கியது. பயந்தால் இன்னும் சூடேறும், சூடேறினால் நாய்க்கு நேரம் கிடையாது என்று டாக்டர் பிரத்யுஷா அந்தத் தாளில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். கல்லைக் கீழே போட்டாள். பைக்கில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார்.

"அக்கட்டால, பாலத்துக்குக் கீழ பஞ்சர் கடை இருக்குதுங்க. அவருகிட்ட கம்பி இருக்கும். எனக்கு அவசரமுங்க" என்று கிளம்பிவிட்டார்.

போக வேண்டும். அவளைத் தவிரப் போக ஆளில்லை. சொல்லாமல் ஓடினால் அது கண்ணாடியைப் பிறாண்டியே செத்துவிடும். சொல்லிவிட்டு ஓடினால்? இந்த இடம் எது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பஸ் நிறுத்தம், அதற்குப் பின்னால் மார்க்கெட். இரண்டு வருசத்துக்கு முன்னால் இதே மண்ணில்தான் அதற்கு அந்த வார்த்தை சொல்லப்பட்டது. இடைவெளியில் இரண்டு விரலை விட்டு, அந்தச் சூடான மூக்கைத் தொட்டாள்.

"இரு கண்ணு, வாரேன்."

திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கால் ஓட, வாய் தானாக எண்ணியது. பாலத்தின் கீழ் வந்து ரோட்டைத் தாண்டும்போதே நூறு முடிந்துவிட்டது. எல்லை முடிந்தது. இனிமேல் எண்ணுகிற ஒவ்வொன்றும் பொய் என்று தோன்றியது. கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. நூற்று எண்பது. "யாராவது இருக்கீங்களா?" இருநூற்று முப்பது. பக்கத்து இளநீர்க்காரர், "ஜெரோம் டீக்குப் போயிருக்காருங்க" என்று கை காட்டினார். டீக்கடைக்கு ஓடினாள். ஜெரோம் ஐம்பது வயசுக்காரர், சொன்னதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் கடைக்கு வந்து கம்பியைத் தேடினார். ஐந்நூறு. கம்பி டயர்களுக்கு அடியில் இருந்தது. அறுநூறு. இந்நேரம் அது என்ன ஆகியிருக்கும்? நுரை தள்ளியிருக்கும். நாக்கு தொங்கியிருக்கும். அன்றைக்கு விட்டுப்போனவர்கள் மாதிரியே நீயும் சொல்லிவிட்டு வராமல் போனாய் என்று நினைத்துக்கொண்டே செத்திருக்கும்.

கார் தெரிந்தது. சத்தமே இல்லை. ஊளை இல்லை, பிறாண்டல் இல்லை. ஜன்னலில் தலை இல்லை. "ஐயோ தக்காளி" என்று போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

டிரைவர் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற பள்ளத்தில், பிரேக்கின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. வேகவேகமாக மூச்சு வாங்கியது. கண் இரண்டும் கதவின் மேல். அவளைக் கண்டதும் வால் ஒரு தரம் தரையில் தட்டியது. ஒரு சீட்டைக் கிழிக்கவில்லை. ஒரு நகம் பெயரவில்லை. எழுநூற்றுப் பத்து வரை அது அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஜெரோம் கம்பியை வளைத்து விட்டு, ஒரே இழுப்பில் பொத்தானைத் தூக்கினார். இளநீர்க்காரர் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை அதன் வயிற்றிலும் காலிலும் ஊற்றினார்கள். பாதிக் குடத்தை அதுவே குடித்தது. அன்புக்கரசி மண்ணில் உட்கார்ந்து, ஈர நாயைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள். ஜெரோம் குனிந்து நாயின் முகத்தைப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது இங்கிருந்து கொண்டுபோனதுங்களா? ரெண்டு வருசத்துக்கு முன்னால?"

தலையாட்டினாள்.

"ஒரு கார்க்காரம்மா எறக்கி உட்டாங்க. நாந்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வெச்சு, தடவிக் குடுத்து, 'இரு கண்ணு, வாரேன்'னு சொன்னாங்க. அழுதாங்க கூடங்க." அவர் கம்பியைச் சுருட்டினார். "கடைக்குத்தான் போறாங்களாட்டம்னு நானே நம்பீட்டேங்க."

ஒருவழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து ஊசி போட்டாகிவிட்டது. டாக்டர் பிரத்யுஷா நாடி பார்த்து, சூடு பார்த்து, அதைச் சாயங்காலம் வரை நிழலில் வைத்திருந்து அனுப்பினாள். கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றாள். இன்னும் நாலு சனிக்கிழமை.

திரும்பும்போது அந்த இடத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மேம்பாலத்தின் மேலேயே ஏற்றினாள். பாதிப் பாலத்தில், பின்சீட்டில் அரைத் தூக்கத்தில் கிடந்த தக்காளி எழுந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு முன்னங்காலையும் ஜன்னலில் வைத்து, கீழே தெரிந்த பக்கச் சாலையை, பஸ் நிறுத்தத்தை, நிற்கிற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. நடுங்கவில்லை. காது விறைத்திருந்தது. வால் லேசாக ஆடியது.

இரண்டு நாளாகத் தொண்டை கட்டக் கட்ட அன்புக்கரசி சரிசெய்த வார்த்தை, அவள் சொன்னதற்கு மட்டும் சரியாகவில்லை, அந்த அம்மா சொன்னதற்கும் சேர்த்துச் சரியாகிவிட்டது. வாரேன் என்றால் வருவார்கள் என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் அந்த அம்மாவும் வர வேண்டும் அல்லவா? மறந்து கிடந்ததை உட்காரவைத்து மறுபடி காக்கவைத்துவிட்டோமா?

"அவங்க வரமாட்டாங்க கண்ணு" என்றாள். "நாந்தான் வந்துட்டனல்ல."

தக்காளி கேட்டதாகத் தெரியவில்லை. பாலம் இறங்கியும் பின்கண்ணாடி வழியாக அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றது. போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

"எங்கிருக்கற? நான் கேட்டுலயே நின்னுட்டிருக்கறேன்" என்றார் சாமுவேல். காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

"கிணத்துக்கடவு தாண்டிட்டனுங்க," என்றாள். "வாரேன்."

பின்னால் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. தக்காளி பின்கண்ணாடியை விட்டு இறங்கி, சீட்டைத் தாண்டித் தலையை நீட்டி, அவள் வாயையே பார்த்தது. முன்னால் நாலுவழிச் சாலை, விளக்குப் போடத் தொடங்கிய லாரிகள், இருபது கிலோமீட்டர். சொல்லிவிட்டாள். இனிப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அன்புக்கரசி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.